பிரேக்கக்கா கவிதை படித்த மாலை

வாசலில் 'மக்கள் கலைக்கூடம்' என்று பலகை இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் போய்ச் சேர முடியாது. மெத்தைக்கடை மாடி என்று சொல்ல வேண்டும். கீழே மெத்தைக்கடை. மேலே முன்பு மெத்தைக் கிடங்கு, இப்போது கலை. மெத்தைகளை வெளியேற்றிவிட்டுக் கவிதையைக் குடிவைத்துச் சில வருடங்கள் ஆகியும் கட்டடத்துக்குப் பழைய குணம் போகவில்லை. அங்கே உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் யாருக்கும் கண் சொக்கும். கூடத்தின் செயலாளர் இதை 'பார்வையாளர்களின் ஆழ்ந்த உள்முக நிலை' என்று ஆண்டறிக்கையில் எழுதியிருந்தார்.

மாடிக்கு வேறு வழி கிடையாது. கடைக்குள் நுழைந்து, இரட்டை மெத்தை, ஒற்றை மெத்தை, முதுகுவலிக்காரர் மெத்தை எல்லாவற்றையும் கடந்து, கோடியில் இருக்கும் படியில் ஏற வேண்டும். அதனால் எட்டு மணிக்குக் கடை மூடும்போது கலையும் மூடிவிட வேண்டும். கடைக்காரர் கலைக்கு எதிரி அல்ல. "எட்டு மணி வரைக்கும் நீங்க மேல என்ன வேணா பண்ணிக்குங்க. எட்டுக்கு மேல நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடணும்" என்பது அவருடைய கலைக்கொள்கை. அந்தக் கட்டடத்தில் பேசப்பட்ட கொள்கைகளில் கேட்டவுடன் புரிந்தது அது ஒன்றுதான்.

அந்த எட்டு மணியில் இடித்துத்தான் பிரேக்கக்காவின் கவிதை ஏற்கெனவே இரண்டு முறை நசுங்கியிருந்தது.

பிரேக்கக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சிப் பள்ளி என்று பெயர். பள்ளிக்கூடம், வகுப்பறை, கரும்பலகை எல்லாம் தலையில் பலகை மாட்டிய ஒரே கார்தான். கற்றுக்கொள்கிறவர் ஓட்டுகிற இருக்கையில் இருப்பார். அவள் பக்கத்து இருக்கையில். அவள் காலடியில் இன்னொரு பிரேக். சுவரை நோக்கியோ, பால் வண்டியை நோக்கியோ, மனம் வெறுத்துப்போய் வாய்க்காலை நோக்கியோ மாணவர் வண்டியை விட்டால், அவள் வலது கால் தானாக இறங்கும். மூளைக்குச் சேதி போவதற்கு முன்னாலேயே கால் வேலையை முடித்துவிடும். இத்தனை வருடப் பழக்கத்தில் அந்தக் கால் காருக்கு வெளியேயும் சும்மா இருப்பதில்லை. டிவியில் கதாநாயகன் ஆகாத பெண்ணை நோக்கி நடந்தால் தரையை மிதிக்கும். தூக்கத்தில்கூட மிதிக்கும் என்பதற்கு அவள் வீட்டுக்காரரின் கெண்டைக்கால் சாட்சி.

தேர்வுக்குப் போன மாணவர்கள் திரும்பி வரும்வரை காரில் காத்திருக்கும் நேரங்களில் அவள் ஒரு கவிதை எழுதினாள். சின்னதுதான். அதை ஒரே ஒரு தரம் நாலு பேர் முன்னால் வாய்விட்டுப் படித்துவிட வேண்டும். புத்தகம் போட வேண்டும், பொன்னாடை வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு இல்லை. படிக்க வேண்டும், அதை யாராவது காதில் வாங்க வேண்டும். அவ்வளவுதான். முதல் முறை செயலாளரின் வரவேற்புரை அவள் நேரத்தைச் சாப்பிட்டது. இரண்டாம் முறை ஆழ்கடலின் கவிதை சாப்பிட்டது. இந்த முறை வீட்டிலேயே சொல்லிவிட்டாள்: "இன்னிக்கும் படிக்க விடலைன்னா, இனிமே அந்தப் படி ஏற மாட்டேன். கவிதையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்றைக் கேட்டு, ஏசி மெக்கானிக்கான வீட்டுக்காரர் சாயந்திர வேலைகளை நாளைக்குத் தள்ளிவிட்டு நானும் வருகிறேன் என்றார். அவர் தங்கை, அதாவது பிரேக்கக்காவின் நாத்தனார், "அண்ணியை அழ விட்டா அப்புறம் வீட்டுல யாரு சமாதானம் பண்றது" என்று தானும் கிளம்பினாள்.

ஆழ்கடல் யார் என்று சொல்ல வேண்டும். நீர்வழங்கல் துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கூடத்தின் தலைவர். பணியில் இருந்த காலத்தில் அவர் கையெழுத்தில்லாமல் ஒரு குழாயில் தண்ணீர் வராது. கையெழுத்து இருந்தாலும் சில குழாய்களில் வராது. ஓய்வுக்குப் பிறகு அந்தத் தேக்கமெல்லாம் கவிதையாகத் திறந்துகொண்டது. 'ஆழ்கடல்' என்று செயலாளர் ஒரு மேடையில் உபசாரத்துக்குச் சொன்னார். மறுநாளிலிருந்து அவர் அந்தப் பெயரில் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் படிப்பார். ஒரு தரம் காதுக்கு, ஒரு தரம் ஆன்மாவுக்கு. கேட்பவர் யாராவது தூக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டால், அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு மூன்றாம் தரமும் படிப்பார்.

கூடத்தில் யாரும் கைதட்டக் கூடாது என்ற வழக்கமும் அவர் கொண்டுவந்ததுதான். கைதட்டல் கவிதையின் முதுகில் விழும் அடி என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதில் இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு நேரே வைத்து மெல்லத் தேய்க்க வேண்டும். மிகவும் பிடித்திருந்தால் வேகமாகத் தேய்க்கலாம். புதிதாக வருகிறவர்களுக்கு ஏதோ குளிர்தேசத்து ரயில் நிலையத்தில் நிற்பது போல இருக்கும்.

போன மாதம் இன்னொரு சிக்கல். இங்கே கவிதை தனியாக வராது. பின்னால் கித்தார் ஓட வேண்டும். கித்தார் வாசிப்பவர் ஒரு பல் டாக்டர். கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு வாசிப்பார். நாள் முழுக்கப் பார்த்த முகபாவம் ஒட்டிக்கொண்டது போலும். போன மாதம் ஆழ்கடல் கடைசி வரிக்கு வருவதற்குள் கித்தார் நின்றுவிட்டது. அது தனக்கு நேர்ந்த அவமானம் என்றார் ஆழ்கடல். இல்லை, வாசித்துக்கொண்டிருக்கும்போதே கவிஞர்கள் தாளை மடித்துக்கொண்டு போய்விடுவது இசைக்கு நேரும் அவமானம் என்றார் டாக்டர். செயற்குழு கூடி, நீண்ட நேரம் விவாதித்து, இரண்டு தீர்மானங்கள் போட்டது. ஒன்று, கவிதை முடியும்வரை இசை நிற்கக் கூடாது. இரண்டு, இசை நிற்கும்வரை கவிதை முடியக் கூடாது. இரண்டும் ஒருமனதாக நிறைவேறின. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அன்று மாலை பிரேக்கக்கா முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தாள். செயலாளர் அவளை முன்வரிசையில் ஓரமாக உட்கார வைத்தார்.

"நீங்கதான் கடைசி. முத்தாய்ப்பு மாதிரி" என்றார்.

"போன தடவையும் முத்தாய்ப்புன்னுதான் சொன்னீங்க."

"இந்தத் தடவை நேரத்தைப் பத்திக் கவலையே படாதீங்க. அப்புறம் ஒரு உதவி. உங்க காலுக்குப் பக்கத்துல சிவப்பு விளக்கு எரியுற பெட்டி இருக்கு பாருங்க. மைக், கித்தார், மேடை விளக்கு எல்லாத்துக்கும் கரண்டு அதுலேருந்துதான். யாராவது மிதிச்சுட்டா மொத்தமும் போயிரும். அதான் உங்களை இங்க போட்டேன். நீங்க பொறுப்பான ஆள்."

பிரேக்கக்கா குனிந்து பார்த்தாள். கறுப்புப் பெட்டி, மேலே அகலமாக ஒரு சுவிட்சு. ஜாக்கிரதையாகக் காலை நகர்த்திக்கொண்டாள்.

வீட்டுக்காரரும் நாத்தனாரும் கொஞ்சம் கழித்து வந்து பின்வரிசையில் இடம் பிடித்தார்கள். சரியாகச் சொன்னால் நாத்தனார் இடம் பிடித்தாள். வீட்டுக்காரர் சுவரில் இருந்த ஏசியை அண்ணாந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு பால்கனிக்குப் போனார். அங்கேதான் அதன் வெளிப்பெட்டி இருந்தது. நாத்தனாரும், "அண்ணே, இங்கயும் ஆரம்பிச்சுட்டியா" என்று அவரைக் கூப்பிடப் பின்னாலேயே போனாள். அதற்குள் செயலாளர் ஒலிபெருக்கியில், "கரவொலி தவிர்த்து உள்ளங்கைகளின் உராய்வினால் நம் ஏற்பை உணர்த்துவோம்" என்று வழக்கத்தை விளக்கி முடித்துவிட்டார். உள்ளே இருந்தவர்களுக்கே அது பாதிதான் புரிந்தது. வெளியே நின்ற இருவருக்கும் அதுவும் இல்லை.

முதலில் ஒரு கணக்கு வாத்தியார் மழையைப் பற்றிப் படித்தார். நல்ல கவிதை, மழை பெய்தது, நின்றது. டாக்டரும் நிறுத்தினார். ஒருவருக்கொருவர் புன்னகைத்துக்கொண்டார்கள். பார்வையாளர்கள் உள்ளங்கையைத் தேய்த்தார்கள்.

பின்வரிசையில் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா. அத்தனை பேருக்கும் குளிருது. ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்றாங்களா பாரு."

"எனக்குக் குளிரலையே" என்றாள் நாத்தனார்.

"உனக்கு எப்பக் குளிர்ந்துச்சு. பெரிய மனுசங்க, கூச்சப்படுறாங்க. ஆளில்லாத வீட்டுல ஓடுற மாதிரி முழுசா விட்டு வெச்சிருக்கான்." தொழில் தர்மம் அவரை உட்கார விடவில்லை. சுவரோரமாகப் போய், ரிமோட்டைத் தேடியெடுத்து, குளிரைக் குறைத்துவிட்டு வந்தார்.

அடுத்து டாக்டர் தனியாக ஒரு ராகம் வாசித்தார். அவர் விரல்கள் உண்மையிலேயே அழகாக ஓடின. வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். முடித்ததும் பார்வையாளர்கள் முன்னைவிட வேகமாகத் தேய்த்தார்கள். வீட்டுக்காரர் பதறிப்போனார். மறுபடி எழுந்து, ரிமோட்டில் போக முடிந்த எல்லை வரைக்கும் போய்விட்டு வந்தார்.

தேநீர் இடைவேளையில் குடும்பம் சன்னலோரமாகச் சேர்ந்தது. பலர் அழைப்பிதழால் விசிறிக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணி, கை நடுங்குது. டீ கொட்டிரும், இங்க குடுங்க" என்றாள் நாத்தனார்.

"நடுங்கல. ஆறுதான்னு ஆட்டிப் பாத்தேன்."

"ஆமா, பாத்தேன் பாத்தேன். தெனம் சாவோட பக்கத்துல உக்காந்து போற ஆளு, நாலு பேரைப் பாத்துப் பயப்படுது."

"கார்ல போனா பிரேக் இருக்குடி. இங்க என்ன இருக்கு."

வீட்டுக்காரர், "ஏசியைப் பத்தி நீ கவலைப்படாத, நான் பாத்துக்கறேன்" என்றார். பிரேக்கக்கா தலையாட்டினாள். அவர் என்ன சொன்னார் என்பது அவள் காதில் ஏறவில்லை. அவள் மனசுக்குள் கவிதையின் முதல் வரி நின்றுகொண்டு, கியர் விழாத வண்டி போல முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் உறுமிக்கொண்டிருந்தது.

இடைவேளைக்குப் பிறகு ஆழ்கடல் எழுந்தார். அவரை அறிமுகப்படுத்தச் செயலாளர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒருவர் காரை ரிவர்ஸ் எடுத்து, சந்தில் திருப்பி, நிறுத்தியும்விடலாம். அறிமுகம் முடிந்ததும் எல்லோரும் கையைத் தேய்த்தார்கள். கவிதைக்கு முன்னாலேயே தேய்ப்பது அவருக்கு மட்டும் உண்டான மரியாதை.

"இன்னுமா" என்றார் வீட்டுக்காரர். "ரிமோட்டு வேலை செய்யலை போல. மெயின்லயே அணைச்சாத்தான் சரிப்படும்." பால்கனிக்குப் போனார். வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சுவிட்சை இறக்கினார். அங்கே நல்ல காற்று. உள்ளேயிருந்து ஆழ்கடலின் குரல் வந்தது. அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"வெளியின் வெளியே" என்றார் ஆழ்கடல். "வெளியின் வெளியே."

கித்தார் மெல்ல எழுந்தது.

"நான் இல்லாத நான், என்னுள் இல்லாத என்னைத் தேடி, இல்லாத வாசலில் நிற்கிறேன். நான் இல்லாத நான், என்னுள் இல்லாத என்னைத் தேடி, இல்லாத வாசலில் நிற்கிறேன்."

நாத்தனார் பக்கத்திலிருந்தவரிடம், "வீட்டுல ஆள் இல்லைன்னு சொல்றாரா?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்தவர் உள்முக நிலையில் இருந்தார்.

கவிதை போய்க்கொண்டிருந்தது. இல்லாத வாசல் இல்லாத கூடத்துக்குத் திறந்தது. இல்லாத கூடத்தில் இல்லாத விளக்கு எரிந்தது. கூடத்துக்குள் இல்லாமல் போனது உண்மையில் காற்றுதான். ஏசி நின்று, அத்தனை பேர் மூச்சும் சேர்ந்து, மெத்தைக் கிடங்கு தன் பழைய பஞ்சுச் சூட்டை மெல்ல மெல்ல வெளியே விட்டது. அழைப்பிதழ்கள் படபடத்தன. ஆழ்கடலின் நெற்றியில் வியர்வை அரும்பியது. அதை அவர் துடைக்கவில்லை. உணர்ச்சியாகவும் அது தெரியக்கூடும் அல்லவா.

கடைசித் தாளின் கடைசி வரி வந்தது. இரண்டு தரம் படித்தார். டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். இசை நிற்கும்வரை கவிதை முடியக் கூடாது. ஆழ்கடல் அந்த வரியை மூன்றாம் தரம் படித்தார். டாக்டர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். உதடு இன்னும் அசைகிறது. கவிதை முடியும்வரை இசை நிற்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு புதிய சுற்றுக்குப் போனார். தீர்மானத்தை மீறியவர் என்ற பெயர் இருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. நீ முந்தி நான் முந்தி என்று சண்டை போட்டவர்களை உலகம் பார்த்திருக்கிறது. நீ முடி, நான் முடிக்கிறேன் என்று இப்படி ஒரு சண்டையை அன்றுதான் பார்த்தது. அதுவும் முக்கால்வாசி உலகம் தூங்கிக்கொண்டிருந்தது.

படியருகே மெத்தைக்கடைக்காரர் வந்து நின்றார். கையில் ஷட்டர் இழுக்கும் கொக்கி. செயலாளரைப் பார்த்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். செயலாளர், பேரண்டத்துக்கு முன்னால் எட்டு மணி எம்மாத்திரம் என்பது போல ஒரு புன்னகை செய்தார். கடைக்காரர் பதிலுக்குப் புன்னகைக்கவில்லை.

பிரேக்கக்கா அந்தக் கொக்கியைப் பார்த்தாள். கையில் மடித்து வைத்திருந்த தாள் வியர்வையில் நைந்துபோயிருந்தது. முடிந்தது, இந்தத் தடவையும் முடிந்தது என்று நினைத்தாள். முன்வரிசையிலிருந்து பார்த்த அவளுக்கு மட்டும் இன்னொன்றும் தெரிந்தது. ஆழ்கடலின் கைகள் தாள்களை மெதுவாகப் புரட்டி, அடியிலிருந்ததை மேலே கொண்டுவந்தன.

முதல் தாள்.

"வெளியின் வெளியே" என்றார் ஆழ்கடல்.

கித்தார் புது வேகத்தில் எழுந்தது.

அவள் எதுவும் யோசிக்கவில்லை. யோசிக்க நேரம் இருந்திருந்தால் அவள் பொறுப்பான ஆள், செய்திருக்க மாட்டாள். ஆனால் கண்ணெதிரே ஒருவர் சுவரை நோக்கி இரண்டாம் முறை வண்டியை விடுகிறார். பக்கத்தில் இன்னொருவர் எண்ணெய் ஊற்றுகிறார். வலது கால் தானாக இறங்கியது. முழு பலத்தோடு, அடி வரைக்கும்.

சிவப்பு விளக்கு அணைந்தது. மைக் போயிற்று. கித்தாரின் ஒலி பாதி மீட்டலில் அறுந்தது. மேடை விளக்கும் அணைந்து, கூடத்தின் சுவரோர விளக்குகள் மட்டும் மங்கலாக எரிந்தன. ஆழ்கடல் வாயைத் திறந்தபடி நின்றார். டாக்டர் வழக்கம்போலவே வாயைத் திறந்தபடி இருந்தார்.

திடீர் அமைதியில் பலருக்கு விழிப்புத் தட்டியது.

"ஆஹா" என்றார் ஒருவர்.

"என்ன முடிவு" என்றார் இன்னொருவர். "ஒண்ணுமே இல்லாம ஆக்கிட்டார் பாத்தீங்களா. இத்தனை நேரம் இல்லாததைப் பத்தியே சொல்லிட்டு, கடைசியில..."

செயலாளர் எழுந்தார். குரல் தழுதழுத்தது. "மின்சாரமே கவிதைக்கு வழிவிட்டு ஒதுங்கிய தருணம் இது." யாரும் கையைத் தேய்க்கவில்லை. கையில் விசிறி இருந்ததால் தேய்க்க முடியவில்லை. தேய்க்கக்கூடத் தோன்றாத அளவுக்கு உறைந்துபோனார்கள் என்று மறுமாத அறிக்கையில் எழுதப்பட்டது.

ஆழ்கடல் வாயை மூடினார். பிறகு, எல்லாம் தெரிந்தவர் போல மெல்லத் தலையசைத்தார். "இந்த இடத்தில் இது நிகழும் என்று எழுதும்போதே தெரியும்" என்றார்.

பிரேக்கக்காவுக்குக் காது மடல் சூடானது. காலை மெதுவாக எடுத்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தலையை நிமிர்த்தினால், படியருகே நின்ற மெத்தைக்கடைக்காரர் நேராக அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"நீங்கதானம்மா?"

"தெரியாம பட்டுருச்சுங்க."

"ரொம்ப நாளா எங்க இருக்கு அந்தச் சுவிட்சுன்னுதாம்மா தேடிட்டிருந்தேன்." கடைக்காரர் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார்: "இன்னும் யாராச்சும் படிக்கணுமா?"

"ஒருவர் இருக்கிறார்" என்றார் செயலாளர் தயக்கத்தோடு. "ஆனால் எட்டு ஆகிவிட்டதே. அடுத்த மாதம்..."

"படிக்கட்டும். நான் ஷட்டரை அப்புறம் இறக்கிக்கறேன். சோறு எங்கயும் ஓடிராது." காலியாக இருந்த ஒரு நாற்காலியில் அவரே உட்கார்ந்துவிட்டார். சாமி வரம் கொடுத்த பிறகு பூசாரி என்ன செய்ய முடியும். செயலாளர் கையை விரித்து அவளை மேடைக்கு அழைத்தார். அவள் எழுந்து, அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"சுவிட்சைப் போட்டுடட்டுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"வேண்டாம் வேண்டாம்" என்றார் செயலாளர். "அவர் உண்டாக்கிய மௌனத்தை நாம் கலைக்கக் கூடாது."

ஆக, மைக் இல்லை, கித்தார் இல்லை, முடிவதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்காரர் உள்ளே வந்ததும் அப்போதுதான். மனைவி மேடையில் நிற்பதைக் கண்டு கதவருகிலேயே நின்றுவிட்டார். உட்காரப் போனால் நாற்காலி சத்தம் போடும்.

பிரேக்கக்காவுக்கு மேடைக்குரல் கிடையாது. பக்கத்து இருக்கையில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருவரிடம் பேசிப் பேசிப் பழகிய குரல் அது. அதே குரலில்தான் படித்தாள். பின்வரிசைக்காரர்கள் முதலில் விசிறியை நிறுத்தினார்கள். பிறகு நாற்காலியின் நுனிக்கு வந்தார்கள்.

*போக வேண்டிய இடம் எதுவும் எனக்கில்லை.*
*இருந்தும் நாள் முழுக்கப் போகிறேன்.*

*பயந்த கைகள் வளைக்கும் வளைவில்*
*நானும் சேர்ந்து வளைகிறேன்.*

*நன்றாக ஓட்டுகிறாய் என்று*
*நான் சொல்லும் நாளில்*
*என்னை இறக்கிவிட்டுப் போகிறார்கள்.*

*பிறகு ஒருநாள் தெருவில்*
*என்னைக் கடந்து போகும் காரில்*
*நான் அழுத்தாத பிரேக்*
*சரியான இடத்தில் விழுகிறது.*

ஒவ்வொரு வரியும் ஒரே தரம்தான். முடிந்தது என்று தெரிய எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. அவ்வளவு சீக்கிரம் எதுவும் முடிந்து அவர்களுக்குப் பழக்கமில்லை. மெத்தைக்கடைக்காரர் மட்டும், "அவ்வளவுதானா? அட" என்றார். பிறகு முன்வரிசையில் கணக்கு வாத்தியார் அழைப்பிதழை மடியில் வைத்துவிட்டு உள்ளங்கையைத் தேய்த்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் தேய்த்தார்கள். வியர்வையில் வழுக்கிக்கொண்டு, சத்தமே வராமல், எல்லா வரிசைகளிலும் கைகள் ஓடின. டாக்டர் கித்தாரைக் கீழே வைத்துவிட்டுத் தேய்த்தார். ஆழ்கடல்கூட ஒரு தரம் தேய்த்தார். அவர் மௌனத்துக்குள் நடந்த நிகழ்ச்சி என்ற உரிமையில்.

கீழே இறங்கும்போது மெத்தைகளுக்கு நடுவே ஆழ்கடல் அவளை நிறுத்தினார். "நல்ல முயற்சி. கொஞ்சம் நீளம் போதாது" என்றார்.

"சரிங்கய்யா" என்றாள் அவள்.

"இந்தப் பிரேக் என்பது... மரணம்தானே?"

"இல்லைங்கய்யா. பிரேக்குதான்."

ஆழ்கடல் அதையும் ஆழமான பதிலாக எடுத்துக்கொண்டு, யோசித்தபடியே முதுகுவலிக்காரர் மெத்தையைத் தாண்டிப் போனார்.

பயிற்சிப் பள்ளிக் காரில்தான் மூவரும் கிளம்பினார்கள். பிரேக்கக்கா ஓட்டினாள். வீட்டுக்காரர் பக்கத்து இருக்கையில். நாத்தனார் பின்னால் கால் நீட்டிக்கொண்டாள்.

"அண்ணி, நல்லா இருந்துச்சு. எனக்கே புரிஞ்சுது" என்றாள். "புரிஞ்சதனால அவங்க இதைக் கவிதைன்னு ஒத்துக்குவாங்களான்னுதான் தெரியல."

பிரேக்கக்கா சிரித்தாலும் சிரிப்பு பாதியில் நின்றது. "கையைத் தேய்ச்சாங்கதான். ஆனா எல்லாருக்கும்தான் தேய்க்கிறாங்க. ஒரு மரியாதைக்கு."

வீட்டுக்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

"கையைத் தேய்ச்சா மரியாதையா?"

"அங்க கை தட்ட மாட்டாங்க. பிடிச்சிருந்தா தேய்ப்பாங்க. ஆரம்பத்துலயே சொன்னாங்களே."

"குளிருக்கு இல்லையா?"

"குளிரா? வெந்து செத்தோம் உள்ள. ஏசிக்கு என்ன ஆச்சுன்னே தெரியல."

பின்னாலிருந்து நாத்தனார் இருமினாள். அது இருமல் இல்லை. வீட்டுக்காரர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏசிக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் மெயின்ல அணைச்சேன். ஒவ்வொரு தடவை அவங்க தேய்ச்சப்பவும் குளிருதுன்னு நெனச்சு..."

பிரேக்கக்காவுக்குச் சிரிப்பு வந்து ஸ்டியரிங் ஆடியது. ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தாள். நாத்தனார் முன் இருக்கையில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். "ஊரே வேர்த்து ஒழுகுது, இவன் போர்த்திவிடப் போயிருக்கான்."

"சிரிங்க, சிரிங்க" என்றார் வீட்டுக்காரர். சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். "ஆனா நான் ஒண்ணு பாத்தேன். நீ முடிச்சப்ப எல்லார் சட்டையும் முதுகுல ஒட்டிக்கிட்டிருந்துச்சு. ஆளாளுக்கு விசிறியைக் கீழ வெச்சுட்டுத் தேய்க்கிறாங்க. இந்தச் சூட்டுலயும் எதுக்குத் தேய்க்கிறாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல. இப்பத்தான் புரியுது. மரியாதைக்குன்னா யாரும்மா விசிறியைக் கீழ வெப்பாங்க."

மேடையில் நின்றபோது வராத கண்ணீர் அவளுக்கு இப்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. வண்டியைக் கிளப்பினாள்.

வளைவு வந்தது. திரும்பும்போது ஓரக்கண்ணில் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் மடக்கி இருக்கையின் மேல் வைத்துச் சம்மணம் போட்டிருந்தார். அத்தனை பெரிய உடம்புக்கு அந்த இருக்கை போதவில்லை. முழங்கால் ஒன்று கதவில் இடித்தது.

"என்னங்க இது, கீழ காலை வைங்க."

"கீழ பிரேக் இருக்கு."

"இருந்தா?"

"இன்னிக்கு நான்ல பக்கத்து இருக்கை. தெரியாமக்கூட அழுத்திடக் கூடாது பாரு" என்றார். "நீ போ. நல்லாத்தான் ஓட்டுற."